வலது பக்கத்துப் பின்சில்லு

தம்பி, அந்த டயரை வாங்காதே.

முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை நீ படத்தோடு அனுப்பிய செய்திக்கு, "போடாதே, காரணம் எழுதுறன்" என்று பதில் போட்டுவிட்டுப் போனைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நீ "ஏன்?" என்று கேட்டதும், பிறகு அம்மாவுக்கு எடுத்து "அப்பாவுக்கு என்ன விசரோ?" என்று கத்தியதும் எனக்குத் தெரியும். அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள் என்பது உனக்குத் தெரியாததா? உன்னில் பிழை இல்லை. கலியாணம் முடித்து, நம்ம பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு கந்தளாய்க்குப் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. உழவு தொடங்கப் போகிறது. உன் பங்காக நான் தந்த உழவு மெசின் மாமனாரின் முற்றத்தில் ஒரு சில்லுத் தேய்ந்து நிற்கிறது. புது மாப்பிள்ளைக்கு அது வெட்கம்தான். அவசரம் எனக்கு விளங்குகிறது.

நீ எழுதியதை இங்கே அப்படியே திருப்பி எழுதுகிறேன். "அப்பா, கடையில ஒரு ரேடியல் டயர் ஒத்தையாக் கிடக்கு, புதுசு மாதிரி. எங்கட சைஸ்தான். இடது பக்கத்துச் சாதா டயர் இன்னும் ரெண்டு போகத்துக்குத் தாங்கும். வலது பக்கத்துக்கு மட்டும் இதைப் போடட்டோ? நாங்கள் முந்தியும் அப்பிடிப் போட்டு ஓடினனாங்கள்தானே. டயரால ஒண்டும் நடக்கேல்லையே." அந்தக் கடைசி வசனத்தை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று தெரியாது. டயரால் ஒன்றும் நடக்கவில்லை என்று நீ நம்புகிறாய். எட்டு வருடமாக நம்புகிறாய். உன்னை அப்படி நம்ப வைத்தவன் நான்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். நான் வாயால் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் ஏதாவது சமாளிப்பேன், கடைசியில் அது வேறொரு கதையாகி நிற்கும். அந்த நாளைப் பற்றி ஒருதரம் வாயால் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. எழுதினால் எழுதியது நிற்கும், பிறகு நான் ஓட ஏலாது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் தருகிறேன். இந்தக் கிழவன் அழுது வடிந்தானே தவிர டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நீ சொல்லக்கூடாது. சாதா டயரில் நூல் குறுக்கும் மறுக்குமாக ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கும். அதனால் அதன் பக்கம் தடித்து விறைப்பாக நிற்கும். வேர்க்கட்டை குத்தினாலும் கல் உரசினாலும் இலேசில் கிழியாது, கிழிந்தாலும் றோட்டோரக் கடையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு நேராகப் போகும், நிலத்தில் படுகிற பகுதிக்கு மட்டும் சுற்றிவரப் பட்டி போட்டிருக்கும். ஆகவே பக்கம் வளைந்து கொடுக்கும், நிலத்தில் அகலமாகப் படியும், ஈரத்தில் வழுக்காது, மண்ணை இறுக்காது, டீசலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் அந்த மெல்லிய பக்கத்தில் ஒரு கட்டை ஏறிவிட்டால் போச்சு. உன் மாமனாரின் வயல் குளத்துக்குக் கீழே கிடக்கிற பழைய வயல், கட்டை கல் இல்லாத களிமண், அங்கே ரேடியல் நல்லதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சேறடிக்கிற நாளெல்லாம் நீ இரும்புச் சில்லுப் பூட்டித்தான் இறங்கப் போகிறாய். மற்ற நாளெல்லாம் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி, கிறவல் றோட்டில் நெல்லும் மணலும் ஏற்றப் போகிறாய். ரேடியல் தன் கெட்டித்தனத்தைக் காட்ட அங்கே நேரம் எங்கே? நான் என்றால் சாதா டயரே போடுவேன். இல்லை, ரேடியல்தான் போடுவேன் என்று நீ நின்றால் போடு, நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சோடியாகப் போடு. ஒரே அச்சில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று மட்டும் போடாதே.

இனி நான் சொல்ல வந்தது. தவராசாவை நீ மறந்திருக்கமாட்டாய். மறக்காததுதான் என் கவலையே. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் மெசினை ஓட்ட வந்தவர், பதினொரு வருடம் ஓட்டினார். ஒரு நாள் குடித்துவிட்டு வந்தார் என்றில்லை, ஒரு நாள் சொன்ன நேரத்துக்கு வராமல் விட்டார் என்றில்லை. வயலில் வேலை முடிந்தால் சில்லைக் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டார். மெசின் எனது பெயரில் இருந்ததே தவிர அதன் குணம் அறிந்தவர் அவர்தான். அந்தச் சிறுபோக நெல் வெட்டு நேரத்தில், மில்லுக்குப் போகிற வழியில் ஒரு இரும்புக் கம்பி வலது பின் டயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. ஒட்ட ஏலாத கிழிவு. நெல்லெல்லாம் வயலில் கிடக்கிறது. நான் கிண்ணியாவுக்கு ஓடினேன். அங்கே கடையில் எங்கள் சைஸில் இருந்தது ஒரேயொரு ரேடியல், யாரோ கழற்றிக் கொடுத்தது, தேய்மானம் இல்லை. கடைக்காரர் நல்ல மனிசன். "ஒத்தையா வேணாம் அண்ணே. ரெண்டு நாள் பொறுங்க, சாதாவே எடுத்துத் தாறன்" என்றார். எனக்கு இரண்டு நாள் பொறுக்க ஏலாது. "நம்பர் ஒண்டுதானே, உருளுறதும் ஒண்டுதானே" என்று ஒரு கண்டறியாத நியாயம் கதைத்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

தவராசா அதைக் கண்டதுமே முகம் சுழித்தார். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, இது ஒரு பக்கமா இழுக்குது. பாரத்தோட வளைவில திரும்பேக்க பின்பக்கம் ஆடுது" என்றார். நான் "கை பழகினாச் சரிவரும்" என்றேன். இரண்டாம் நாளும் சொன்னார்: "இதைக் குடுத்திட்டு ரெண்டையும் ஒண்டாப் போடுவம் அண்ணே." நான் "வெட்டு முடியட்டும்" என்றேன். மூன்றாம் நாள் காலையில் மெசினில் ஏறாமலே நின்றார். இடது பக்கம் தேய்ந்த டயர், வலது பக்கம் தேயாத டயர், மெசின் ஒரு பக்கம் சரிந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. மூன்று தரம் சொன்னார், தம்பி. மூன்று தரமும் நான் கேட்கவில்லை.

கேட்காமல் என்ன செய்தேன் தெரியுமா? வேலியில் ஒரு பூவரசந்தடி முறித்தேன். இடது பக்கம் நிலத்திலிருந்து அச்சு வரைக்கும் வைத்து அளந்து வெட்டினேன். அதைக் கொண்டுபோய் வலது பக்கம் வைத்துப் பார்த்தால் மேலே இரண்டு விரல் இடைவெளி. குந்தியிருந்து வால்வைத் திருகிக் காற்றை விட்டேன். தடியில் அச்சு முட்டும் வரைக்கும் விட்டேன். எங்கள் பக்கத்தில் மெசின் வைத்திருக்கிற எவனிடம் காற்று அளக்கிற மீற்றர் இருக்கிறது? குதிக்காலால் ஒரு உதை, இல்லாவிட்டால் ஒரு தடி, அதுதான் எங்கள் படிப்பு. சாதா டயரில் காற்றுக் குறைந்தால் வயிறு தள்ளும், பார்த்தவுடன் பிடிபடும். ரேடியல் முழுக் காற்றோடும் வயிறு தள்ளித்தான் நிற்கும். ஆகவே நான் விட்டது கொஞ்சமா கனக்கவா என்று பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. மெசின் மட்டமாக நின்றது. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். தவராசா டயரை ஒரு கையால் அமத்திப் பார்த்துவிட்டு, "பாரத்தோட இது தாங்காது அண்ணே" என்றார். அதற்கு நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "நீ ஓடுறியோ, இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கட்டோ?" என்றேன். அவர் ஏறினார்.

அன்று பின்னேரம் வானம் கறுத்தது. வயலில் மூட்டை கட்டியும் கட்டாமலும் நெல் கிடந்தது. உனக்கு உயர்தரப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அறைக்குள் இருந்து படித்துக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டவன் நான். "ஒரு பின்னேரம்தானே மகன், மூட்டை ஏத்த ஒரு கை வேணும்" என்றேன். அம்மா குசினிக்குள் இருந்து, "அவனை விடுங்கோப்பா, படிக்கட்டும்" என்றாள். நான் அவளுக்கும் ஏசிவிட்டுத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி நிறைய ஏற்றினோம், வழமையிலும் பார்க்கப் பத்து மூட்டை கூட. தவராசா ஓட்ட, நீ மட்கார்ட்டில் ஏறிப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே போனாய். நான் மிச்ச நெல்லோடு வயலில் நின்றேன்.

வாய்க்கால் றோட்டு வளைவில் மெசின் புரண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, மோட்டார் சைக்கிளில் போனேன். மெசின் வாய்க்காலுக்குள், பெட்டி குப்புற, மூட்டைகள் தண்ணீரில். நீ கரையில் இருந்து வலது கையை இடது கையால் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாய். தவராசாவுக்கு நினைவில்லை, தலையிலிருந்து இரத்தம், இடுப்புக்குக் கீழே ஸ்டியரிங்குக்குள் சிக்கியிருந்தது. ஆட்கள் உங்கள் இருவரையும் வாகனத்தில் ஏற்றினார்கள். நானும் ஏறப்போன நேரத்தில்தான் கிறவலில் அதைக் கண்டேன். வளைவுக்கு இருபது அடிக்கு முன்னாலேயே, வலது பக்கத்தில், இரும்பு கிழித்த ஆழமான கோடு. டயர் வாய்க்காலில் விழுந்து கழன்றதல்ல. நேர் றோட்டிலேயே காற்றில்லாமல் வளையத்தை விட்டுக் கழன்று, வெறும் இரும்பு நிலத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. அதன் பிறகு கடவுள் வந்து பிடித்தாலும் அந்த மெசின் திரும்பியிராது. பார்த்தவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாகனம் போய்விட்டது, நான் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. கோடு அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தம்பி, அந்த மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நான் இதுவரை உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றிப் பெரியப்பாவும் ஊராட்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். எல்லாரும் என்னிடம் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். நான் உன் பக்கம் குனிந்து கேட்டேன்: "அவன் நித்திரை கொண்டவன்தானே, மகன்? நாலு நாளா ஓடினவன், கண்ணயந்திட்டான், என்ன?" நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். போனைப் பார்த்துக்கொண்டு வந்த உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "ஓமப்பா, இருக்கும்" என்றாய். அந்த "இருக்கும்" என்பதை நான் அங்கேயே விழுங்கிவிட்டேன். வெளியே வந்து எல்லாருக்கும், "மகன் கண்ணால கண்டவன், அவன் தூங்கி விழுந்திட்டான்" என்று சொன்னேன். அன்றிரவுக்குள் நம்ம ஊர் தம்பலகாமம் முழுக்க அதுதான் கதை. பிறகு நீயும் அதையே சொல்லத் தொடங்கினாய், சொல்லிச் சொல்லி அதைக் கண்டதாகவே நினைத்துக்கொண்டாய். உன்னைப் பொய்ச் சாட்சி ஆக்கியது நான். உனக்கு அதில் ஒரு துளி பங்கும் இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். மெசினுக்காக இல்லை, வழக்குக்குப் பயந்தும் இல்லை. உனக்குத்தான் பயந்தேன். புத்தகத்தோடு இருந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு போய், தடியால் அளந்து காற்றைப் பிடுங்கின வண்டியில் ஏற்றி, கையை முறித்துப் பரீட்சையையும் கெடுத்தவன் தன் அப்பன் என்று உனக்குத் தெரிந்தால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். அந்தப் பார்வையைத் தாங்க என்னால் ஏலாது. அந்த வருடம் நீ பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருடம் எழுதச் சொன்னபோது புத்தகத்தைக் கண்டாலே எரிச்சல் வருகுது என்றாய். ஒவ்வொரு தரமும் நீ "அந்த நித்திரைக்காரனால என்ர வாழ்க்கை போச்சு" என்று ஏசும்போது நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உன் கோபம் எனக்கு வரவேண்டியது. அதை வேறொரு மனிசன் தலையில் இறக்கிவிட்டு உன் அன்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

தவராசாவுக்குத் தலையில் பட்ட அடியில் அந்த வளைவு ஞாபகத்தில் இல்லாமல் போய்விட்டது. ஊர் சொன்னதை அவரும் நம்பினார். மூன்று மாதத்துக்குப் பிறகு, கால் இழுத்து இழுத்து, ஒரு வாழைக்குலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ விறாந்தையில் இருந்தாய், கையில் இன்னும் கட்டு. அவர் உனக்கு முன்னால் நின்று, "தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேணுமெண்டு செய்யேல்லை" என்றார். நாற்பது வயதுக்காரன், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு. நீ எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். நான் கதிரையில் இருந்தபடி, "சரி, சரி, விடு தவராசா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். நான் அவரை மன்னித்தேன், தம்பி! அவர் அழுதுகொண்டு போனார். அந்த வாழைப்பழத்தை நாங்கள் ஒரு கிழமை வைத்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் மெசின் கொடுக்கவில்லை. ஊரில் நித்திரைத் தவம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் விழுந்த டிரைவரிடம் எவன் வண்டி கொடுப்பான்? மனைவியின் ஊர் சல்லி. குடும்பத்தோடு அங்கே போய், மீன்வாடியில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுக் கேள்விப்படாத மாதிரி இருந்தேன். நாள் போகப் போக எனக்கே அது நடந்த கதை மாதிரி ஆகிவிட்டது. உன் கலியாணத்துக்கு அழைப்பு எழுதும்போது அம்மா, "தவராசாவுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். "அவனுக்கு என்னத்துக்கு?" என்றேன். செத்த பிறகும் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை உன் செய்தி வந்தது. டயரால ஒண்டும் நடக்கேல்லையே. போன கிழமைதான் நீ இன்னொரு படம் அனுப்பினாய், மருமகள் மட்கார்ட்டில் இருந்து சிரித்துக்கொண்டு வயலுக்கு வருகிற படம். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அந்தப் பொய்யை நம்பித்தான் நீ இப்போது அதே சில்லில் அதே டயரைப் பூட்டப் போகிறாய், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஓடப் போகிறாய். வெறுமனே போடாதே என்றால் நீ கேட்கமாட்டாய். ஏன் கேட்க வேண்டும்? நானே பூட்டிக் காட்டினவன் அல்லவா?

திங்கட்கிழமை விடிய பஸ் எடுத்துத் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து சல்லிக்குப் போனேன். முத்துமாரியம்மன் கோயிலடியில் விசாரித்தேன், வாடியைக் காட்டினார்கள். தவராசா என்னைக் கண்டதும் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த கட்டையைப் போட்டுவிட்டு, "வாங்கோ அண்ணே, வாங்கோ" என்று கையைச் சாரத்தில் துடைத்தபடி வந்தார். வாடிக்குப் பின்னால்தான் வீடு. ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். "தம்பி சுகமோ? கலியாணம் எண்டு கேள்விப்பட்டனான்" என்றார். அவர் மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனா. நான் இருக்கவில்லை. நின்றபடியே, "தவராசா, நீ அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எண்டைக்கு என்று கேட்டார். நான் தடியைச் சொன்னேன், காற்றை விட்டதைச் சொன்னேன், கிறவலில் கண்ட கோட்டைச் சொன்னேன், கட்டிலடியில் உன்னிடம் கேட்ட கேள்வியைச் சொன்னேன், நீ கேட்டிருக்கிற டயரையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்த பிறகு, "அப்ப நான் நித்திரை கொள்ளேல்லையோ?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும், "நான் நித்திரை கொள்ளேல்லையோ, அண்ணே?" என்றார். பிறகு கதிரையில் அவரே இருந்துவிட்டார். "எட்டு வருசமாத் தேடுறன். படுத்தா அந்த றோட்டில திரும்பத் திரும்ப ஓடிப் பாப்பன். பாலம் ஞாபகம் இருக்கு, மருத மரம் ஞாபகம் இருக்கு, தம்பி போனைப் பாத்துச் சிரிச்சது ஞாபகம் இருக்கு. எந்த இடத்தில கண்ணயந்தனான் எண்டு மட்டும் பிடிபடாது. தேடித் தேடி விசர் பிடிச்சிடும் போல இருக்கும்" என்றார். மனைவி தேத்தண்ணியோடு வந்தா. அவர் அவவைப் பார்த்து, "நான் நித்திரை கொள்ளேல்லையாம்" என்றார். பிறகு, "அதை உள்ளுக்குக் கொண்டு போ" என்றார். அவ கொண்டு போனா. எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதில்லை, உனக்குத் தெரியும்.

நான் வாசல் படலையடிக்கு வந்த பிறகு பின்னால் இருந்து கூப்பிட்டார். "தம்பி அந்த டயரைப் போட்டிட்டாரோ?" "இல்லை." "போட விடாதேங்கோ. வேண்டாமெண்டு மட்டும் சொன்னாக் கேக்கமாட்டார், முழுக்கச் சொல்லுங்கோ." எழுதப் போகிறேன் என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து வந்தா. "எழுதினாக் கொண்டுவந்து எங்களுக்கும் வாசியுங்கோ. இந்த முறை என்ன சொல்லுறியள் எண்டு நாங்களும் கேக்கோணும்" என்றா.

ஆகவே இதுவரை எழுதியதை நேற்றுக் கொண்டுபோய், வாடி வாசலில் நின்று இருவருக்கும் வாசித்தேன். இரண்டு இடத்தில் மறித்தார்கள். டயரை மாற்றச் சொன்னார் என்று நான் பொதுவாக எழுதியிருந்தேன். "மூண்டு தரம் சொன்னனான்" என்றார் அவர். திருத்திவிட்டேன். ஓட்டுகிற வேலையை அவர் விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன். "அவர் விடேல்லை. ஒருத்தரும் குடுக்கேல்லை" என்றா மனைவி. அதையும் திருத்திவிட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வாசித்து முடித்ததும் அவ கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. "இது தம்பிக்கு மட்டுமோ? அண்டைக்கு ஊர் முழுக்கவெல்லோ சொன்னனீங்கள்?"

இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நிமிடமும் எப்படித் தப்பலாம் என்றுதான் யோசித்தேன். என் பெயர், உன் மாமனார் வீட்டில் உன் மரியாதை, கோயில் கூட்டத்தில் எனக்குத் தருகிற முன்வரிசைக் கதிரை, எல்லாம் வந்து போனது. பிறகு ஓம் என்றேன்.

இதில் இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன், தம்பி. ஒன்று உனக்கு, இன்றைக்கே கந்தளாய் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். மற்றதை நாளைக் காலையில், விதைநெல் அறிவித்தல் ஒட்டுகிற கமக்காரர் சங்கக் கட்டடத்துப் பலகையில், ஆட்கள் கூடுகிற நேரத்தில் நானே ஒட்டப் போகிறேன். உன் மாமனாரின் காதுக்கும் பின்னேரத்துக்குள் வந்துவிடும். அதற்கு முன் நீயே அவருக்குச் சொல்லிவிடு. என்னோடு கதைக்க உனக்கு மனம் வராவிட்டால் கதைக்காதே, நான் பொறுத்துக்கொள்வேன். தவராசாவிடம் போவதானால் நான் இல்லாமல் போ. நாளைக்கு அவர்கள் இருவரும் சல்லியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார்கள், ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க. பசையும் தாங்களே கொண்டுவருகிறார்களாம்.

அப்பா